தம்பி பக்கத்து நடுவர்

என் தம்பி தன் மனைவிக்குத் தலாக் சொல்லிவிட்டான் என்ற செய்தி எனக்கு ரயிலில் வந்தது. பெங்களூருவில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தேன். பங்காரப்பேட்டையில் வண்டி நின்றிருந்தபோது அம்மா போன் செய்தாள்.

“ஒன்னுதான் சொன்னான். மூணு இல்ல,” என்றாள். அதையே இன்னொரு தடவையும் சொன்னாள்.

மூன்று தலாக்கையும் ஒரே மூச்சில் சொல்வது இப்போது நாட்டுச் சட்டப்படி குற்றம். அது தம்பிக்குத் தெரியும். ஒன்று சொன்னால் கல்யாணம் அந்த நிமிடமே முறிந்துவிடுவதில்லை. மனைவிக்கு மூன்று மாதவிடாய் கடக்கும்வரை இத்தா என்று ஒரு காத்திருப்புக் காலம். அது முடிவதற்குள் கணவன் “திருப்பிக்கொண்டேன்” என்று சொன்னால் கல்யாணம் தொடரும். சொல்லாமல் விட்டால் முறிந்துவிடும்.

“எதுக்கு சொன்னான்?”

“அவ எப்பப் பாரு ஊரிகத்துக்கு அப்பன் வீட்டுக்கு ஓடினு இருந்தா. இவன் கேட்டான். எதிர்த்துப் பேசினா. கோவத்துல சொல்லிட்டான். அவளே கொழந்தயத் தூக்கினு போயிட்டா.”

வண்டி கிளம்பியது. பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சைக் கேட்டுவிடக் கூடாது என்று போனை வைத்துவிட்டேன்.

எனக்கும் தம்பிக்கும் பதினொரு வயது வித்தியாசம். எங்கள் அத்தா, அதாவது அப்பா, தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் இறந்தபோது தம்பி இரண்டாம் வகுப்பில் இருந்தான். அவனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, பெண் பார்த்தது எல்லாம் நான்தான். என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் எங்கள் சுரங்க ஊரின் பாலகாடு பகுதியில் தனியாக இருந்தேன். தம்பி அங்கேயே நந்திதுர்க் பகுதியில், சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீட்டில் அம்மாவோடும் மனைவியோடும் மூன்று வயதுப் பெண் குழந்தையோடும் இருந்தான். அவனும் தினம் பெங்களூரு போகிறவன்தான். ஏசி ரிப்பேர் வேலை. காலை வண்டியில் நாங்கள் இருவரும் ஒரே பெட்டியில் ஏறுவோம். அன்று மட்டும் அவன் வேலைக்குப் போகவில்லை.

அவன் மனைவி அதே ஊரின் இன்னொரு பகுதியான ஊரிகத்துப் பெண். அவளுடைய அத்தாவும் சுரங்கத்தில் இருந்தவர். கல் தூசி நெஞ்சில் இறங்கி, கடைசியில் மூக்கில் குழாய் வைத்துக்கொண்டு கட்டிலோடு கிடந்தார். அவள் தாய்க்கு முழங்கால் மடங்காது. அதனால் மத்தியானம் வீட்டு வேலை முடிந்ததும் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், அவருக்குக் கை கால் துடைத்து, மருந்து கொடுத்துவிட்டு வருவாள். இது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பிறகு தம்பிக்கும் பிடிக்காமல் போனது.

மறுநாள் காலை வண்டியில் அவனிடம் கேட்டேன்.

“அன்னிக்கு இன்னாதான் நடந்துச்சு?”

“அம்மா சொன்னாங்கல்ல. அவளா போனா.”

“கூப்பிட்டுக்க வேண்டியதுதானே?”

“வரட்டும். தானா வருவாக்கா.”

அவள் வரவில்லை. ஒரு மாதம் போனது. இரண்டாவது மாதத்தில் அவளுடைய வீட்டார் பள்ளிவாசல் ஜமாஅத்தில் புகார் எழுதிக் கொடுத்தார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகியான எங்கள் முத்தவல்லி ராபர்ட்சன்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். குடும்பச் சண்டைகளைத் தீர்ப்பதில் பேர் பெற்றவர். அவருடைய முறை பழைய முறை. இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் உட்கார வைப்பார். யார் தப்பு என்று நோண்ட மாட்டார். பெண் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுபோய் மாமியாரிடம் கொடுத்து, “தப்புதான் மாமி” என்பாள். பிறகு பிரியாணி வரும். இரு வீட்டாரும் ஒரே சஹனில், ஒரே பெரிய தட்டில், கைவைத்துச் சாப்பிடுவார்கள். அன்றைக்கே பெண் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள். எங்கள் ஊரில் பல குடித்தனங்கள் அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. என் மாமியார் காலத்தில் நானும் அந்த டீயைக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அந்த வருஷம் பள்ளிவாசலுக்குப் புதிதாக ஒரு ஹஜரத் இமாமாக வந்திருந்தார். வேலூர்ப் பக்கம் ஓதியவர், சின்ன வயது. தலாக் சொன்ன பிறகு சும்மா டீயோடு முடிக்க முடியாது, குர்ஆன் சொல்கிறபடி ஆண் குடும்பத்திலிருந்து ஒருவர், பெண் குடும்பத்திலிருந்து ஒருவர், இரண்டு நடுவர்கள் விசாரிக்க வேண்டும் என்றார். பெண் பக்கம் ஆம்பூரிலிருந்து அவளுடைய தாய்மாமா வந்தார். எங்கள் பக்கம் ஆண் யாரும் இல்லை.

“எங்க பக்கத்துக்கு என் பொண்ணு போதும்,” என்று சொல்லி அம்மா என்னையே பள்ளிவாசலுக்கு அனுப்பினாள்.

முத்தவல்லி சிரித்துவிட்டார். “பொம்பளையா? நம்ம பள்ளியில அப்படி வழக்கம் இல்லியே.”

ஹஜரத் சிரிக்கவில்லை. “வழக்கம் இல்லதான். ஆனா நம்ம ஹனஃபி சட்டக் கிதாபுகள்ல இதுக்கு எடம் இருக்கு. அவங்களே வரட்டும். இத்தா கணக்க அந்தப் பொண்ணுகிட்ட நாம யாரும் கேக்க முடியாது, அவங்க கேக்கலாம்.” பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீங்க வக்கீல் இல்லம்மா. தம்பிய ஜெயிக்க வைக்கறதுக்கு வரல. அத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க.”

தலையாட்டினேன். ஆனால் உள்ளுக்குள் நான் தம்பியை ஜெயிக்க வைக்கத்தான் போவதாக இருந்தேன். அதை இப்போது மறைப்பதில் பயன் இல்லை.

விசாரணைக்கு உட்காரும் நாளுக்கு முந்தின நாள் நந்திதுர்க்குக்குப் போனேன். தம்பியும் அம்மாவும் கடைவீதிக்குப் போயிருந்தார்கள். பூட்டிய கதவின் முன் நின்றுகொண்டிருந்தபோது அடுத்த வீட்டு அம்மா கூப்பிட்டார். அவருடைய புருஷன் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது பென்ஷனில் இருப்பவர். எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சியும் அவர்கள் வீட்டுப் பொங்கலும் நடுச் சுவருக்கு மேலாகப் பல வருஷமாகப் போய் வந்துகொண்டிருக்கின்றன.

“நாளைக்குப் பேசப் போறீங்களாமே,” என்றார். “உங்க காதுல போட்டுடறேன். அப்புறம் நீங்க பாத்துக்குங்க.”

அவர் சொன்னது இது: தலாக் சொன்ன அன்று சாயங்காலம் மழை. தம்பி வாசலில் நின்று ஏதோ ஒரு வார்த்தையைச் சொன்னான்; பிறகு அவளைக் குழந்தையோடு வெளியே தள்ளி உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டான். அவள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். செருப்புகூட இல்லை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றாள்.

“நானும் தட்டினேங்க. உங்க அம்மா உள்ளேருந்து, ‘எங்க வீட்டு விஷயம், போங்க’ன்னாங்க. கொழந்தைக்கு ஒதடெல்லாம் நீலமா ஆயிருச்சு. நான்தான் உள்ள கூட்டினு வந்து தலையத் தொடச்சேன். அப்புறம் எங்க வீட்டுக்காரர் ஆட்டோ வச்சு ஊரிகத்துல விட்டு வந்தாரு.”

“வந்து சொல்லுவீங்களா?”

“கூப்ட்டா வந்து சொல்றேன். ஆனா உங்க தம்பியே சொல்லிட்டா நல்லதுங்க. தெனம் மூஞ்சியப் பாக்கணும்ல.”

அம்மா வரும்வரை நான் காத்திருக்கவில்லை. பாலகாட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் ஒரே யோசனை. சொன்னால் தம்பி இரு வீட்டார் முன்னால் தலைகுனிவான். சொல்லாவிட்டால் அந்தப் பெண் நாளைக்கு டீ டம்ளரோடு அம்மா முன்னால் நிற்பாள். அவன் குழந்தையை மழையில் நிறுத்தியிருப்பான் என்று என்னால் நம்ப முடியவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிவாசலை ஒட்டிய அறையில் உட்கார்ந்தோம். குறுக்கே ஒரு திரை. அந்தப் பக்கம் அவளும் அவள் தாயும், சற்றுத் தள்ளி என் அம்மாவும். இந்தப் பக்கம் முத்தவல்லி, ஹஜரத், தாய்மாமா, தம்பி, ஓரத்தில் ஒரு நாற்காலியில் நான். பின்கட்டில் முத்தவல்லி ஏற்கெனவே பிரியாணிக்கு அடுப்பு மூட்டியிருந்தார். பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்பே வெங்காயம் வதங்கும் வாசனை அறைக்குள் வந்துவிட்டது.

தாய்மாமா முதலில் பேசினார். “எங்க பக்கம் பெருசா ஒன்னும் இல்லீங்க. புருஷன் பொண்டாட்டி சண்ட. அவளும் வாய அடக்கியிருக்கலாம். மாப்ள மனசு வச்சா இன்னிக்கே அனுப்பி வச்சிடறோம்.”

தன் அக்காள் மகளுக்காக வந்தவர் அவர். அவருக்கு மாலை ஆம்பூர் வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பதில்தான் கவனம் இருந்தது.

ஹஜரத் தம்பியைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க.”

தம்பி சொன்னான். கேட்காமல் வெளியே போகிறாள், அம்மாவை மதிப்பதில்லை, கோபத்தில் ஒரு தலாக் சொன்னேன், அவளாகக் கிளம்பிப் போய்விட்டாள். குரல் தெளிவாக இருந்தது.

என் முறை வந்தது.

“தம்பி, அவ எப்படி வெளிய போனா?”

“சொன்னேனேக்கா. அவளா போனா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. கதவு தொறந்து இருந்துச்சா?”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் அந்த நிமிடமே புரிந்துவிட்டது. சின்ன வயதில் பொய் சொல்லும்போது அவனுக்குக் காது மடல் சிவக்கும். இப்போதும் சிவந்தது. இப்போதாவது சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“தொறந்துதான் இருந்துச்சு,” என்றான்.

“இல்ல,” என்றேன். “தாழ்ப்பாள் போட்டது நீ. அவளும் கொழந்தயும் முக்கா மணி நேரம் மழையில நின்னாங்க. பக்கத்து வீட்டுக்காரங்கதான் உள்ள கூட்டினு போனாங்க. கூப்ட்டா அவங்க வந்து சொல்லுவாங்க.”

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“நீ யாரு பக்கம் பேசற?”

திரையின் பக்கம் திரும்பாமல் ஹஜரத்தைப் பார்த்தேன்.

ஹஜரத் மெதுவாகச் சொன்னார். “இத்தாவுல இருக்கற பொண்ண வீட்ட விட்டு அனுப்பக் கூடாதுன்னு குர்ஆன்லயே இருக்கு. இத்தா முடியற வரைக்கும் அது அவளுக்கும் வீடுதான். தாழ்ப்பாள் போட்டது கோவம் இல்ல, அநியாயம். அவ கோர்ட்டுக்குப் போனாலும் தப்பு சொல்ல எனக்கு வாய் இல்ல.”

தம்பி எழுந்துவிட்டான். முகம் கறுத்திருந்தது.

“சரி. அக்காவும் சேந்து என்ன குத்தவாளி ஆக்கியாச்சு. இப்ப இன்னா? நான் திருப்பிக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுதுல்ல? என் உரிமதானே அது? சொல்லட்டுமா?”

“சொல்லுங்க மாப்ள, சொல்லுங்க,” என்றார் தாய்மாமா. முத்தவல்லியும், “நல்ல வார்த்த, சொல்லிடுப்பா, சாப்பாடும் தயாரா கீது,” என்றார்.

ஒரு வாக்கியம்தான். அவன் வாயைத் திறந்தால் அவள் மறுபடி அவன் மனைவி. அவளுடைய சம்மதம் அதற்குத் தேவையில்லை.

ஹஜரத் கையை உயர்த்தினார். “சொல்லலாம். சொன்னா செல்லும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா சேந்து வாழறதுக்குத் திருப்பிக்கிறது வேற, நோகடிக்கறதுக்குத் திருப்பிக்கிறது வேற. ரெண்டாவது பாவம். நீங்க எதுக்கு சொல்லப் போறீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

“பத்து நிமிஷம் குடுங்க,” என்றேன். “நான் அவகிட்ட கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத தம்பி.”

திரையைத் தள்ளிக்கொண்டு போனேன். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதத்தில் கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள். அவளைத் தனியாக உள் வராந்தாவுக்கு அழைத்துப் போனேன்.

“கேட்டுனு இருந்தியா?”

“கேட்டேன் அண்ணி.”

“உனக்கு இன்னா வேணும்? யாருக்காகவும் சொல்லாத.”

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“சேர மாட்டேன்னு சொல்லல. ஒரு வார்த்தையில வெளிய தள்ளினாரு. இப்ப ஒரு வார்த்தையில உள்ள இழுக்கப் போறாரு. நடுவுல என்ன யாரும் கேக்கல. எங்க மாமாகூட கேக்கல.”

“அப்ப?”

“ஹஜரத் வீட்டம்மாகிட்ட கேட்டேன் அண்ணி. ஒரு தலாக்தானே. இத்தா முடிஞ்சுட்டா நான் அவருக்கு அன்னியம். அப்புறம் வேணும்னா புதுசா வந்து கேக்கலாமாம். புதுசா மஹர் பணம் குடுத்து, புது நிக்காஹ். நான் சரின்னாத்தான் நடக்குமாம்.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவர இப்ப சொல்ல வேணாம்னு சொல்லுங்க. முடியட்டும். அப்புறம் கேக்கட்டும்.”

“எத்தன நாள் கீது?”

“மூணாவது இந்த வாரம் வந்துடும். பத்து நாள்ல முடிஞ்சுடும்.”

திரும்பிப் போய் அதை அப்படியே சொன்னேன். தாய்மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். முத்தவல்லி, “முறியட்டும்னு விட்டுட்டு ஒட்ட வைக்கறதா? இது எந்த ஊர் சமாதானம்?” என்றார். ஹஜரத் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்தப் பொண்ணு சட்டத்த நல்லா புரிஞ்சு வச்சிருக்கு,” என்றார். தாய்மாமாவிடம் தனியாகப் பேசினார். அரை மணி நேரத்துக்குப் பிறகு அவரும் அரை மனதோடு ஒத்துக்கொண்டார். இரண்டு நடுவர்களும் சொன்னது ஒன்றே: கணவன் இந்தப் பத்து நாள் எதுவும் சொல்லாமல் விட வேண்டும். ஆனால் சொல்லாதே என்று கட்டளையிட எங்களுக்கு அதிகாரம் இல்லை. கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

“அப்புறம் அவ மாட்டேன்னா?” என்று தம்பி கேட்டான்.

“மாட்டேன்னா இல்லதான்,” என்றேன்.

“நான் எதுக்கு அப்படி விடணும்?”

வாக்குக் கொடுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மத்தியான லுஹர் தொழுகைக்கு வந்தவர்களுக்குப் பிரியாணியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தப் பத்து நாளைப்போல் நான் எந்த நாளையும் கழித்ததில்லை. தம்பி ரயிலில் வேறு பெட்டிக்கு மாறிவிட்டான். இரண்டு சாட்சியை வைத்துக்கொண்டு எந்த நிமிடமும் அவன் அந்த வார்த்தையைச் சொல்லிவிடலாம். எனக்குத் தெரியக்கூடத் தேவையில்லை. அம்மா தினமும் அவனிடம், “சொல்லிடுடா, அவ திமிர் அடங்கட்டும்” என்று சொல்லிக்கொண்டிருப்பதாக அடுத்த வீட்டு அம்மா மூலம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்களில் சீட்டை மாற்றி ஒட்டி, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

ஏழாம் நாள் காலை அவன் என் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே வந்து உட்கார்ந்தான்.

“நான் சொல்லிட்டேன்னா நீ இன்னா பண்ணுவ?”

“ஒன்னும் பண்ண முடியாது. செல்லும்.”

“அவ வந்துருவா?”

“வரலாம். கோர்ட்டுக்கும் போகலாம். எனக்குத் தெரியாது.”

“அவ அன்னிக்கு இன்னா சொன்னா? சரியாச் சொல்லு.”

வராந்தாவில் அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நடுவுல என்ன யாரும் கேக்கல என்ற இடத்தில் அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கேட்டான். குடித்தான். எழுந்து போனான்.

பத்தாம் நாள் தாண்டிப் பதினோராம் நாள் காலை அவளிடமிருந்து செய்தி வந்தது. “இத்தா முடிஞ்சுது அண்ணி. குளிச்சிட்டேன்.” வேலை செய்யும் இடத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி தம்பிக்குப் போன் செய்தேன்.

“சொன்னியா?”

“இல்ல,” என்றான். உடனே வைத்துவிட்டான்.

கல்யாணம் முறிந்துவிட்டது. நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நல்லது நடந்ததற்காக அழுகிறேனா, கெட்டது நடந்ததற்காகவா என்று தெரியவில்லை. அம்மா அன்றைக்கு என்னிடம் பேசுவதை நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு தம்பி இரண்டு மாதம் குழந்தையைப் பார்க்க மட்டும் ஊரிகத்துக்குப் போய் வந்தான். பிறகு ஒரு நாள், மறுபடி நிக்காஹுக்குத் தனக்காக அவளிடம் கேட்கும்படி எனக்குச் சொல்லியனுப்பினான். நான் போக மறுத்துவிட்டேன். அவனே போனான். முதலில் அவள் அத்தாவின் கட்டிலருகே நின்று, தாழ்ப்பாள் போட்டதைத் தன் வாயால் சொல்லியிருக்கிறான். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, “எனக்கு அன்னிக்கே தெரியும். நீ சொல்றியான்னுதான் பாத்துனு இருந்தேன்,” என்றாராம். ஆனால் அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டான். இந்த முறை அவள் யோசிக்கிறேன் என்றாள். பிறகு ஹஜரத்திடம் நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தாள். ஊரிகத்திலேயே தனி வீடு. அத்தாவைப் பார்க்கப் போவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு முறை வீட்டை விட்டு வெளியேற்றினால் தலாக் சொல்லிக்கொள்ளும் உரிமை அவளுக்கே. கணவன் அந்த உரிமையை மனைவிக்குக் கொடுக்க மார்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். முத்தவல்லி, நிக்காஹ் பதிவேடான தஃப்தரில் இதுவரை இப்படி எழுதியதில்லை என்று தயங்கினார். தம்பியே, “எழுதுங்க,” என்றான்.

நிக்காஹ் சின்னதாக நடந்தது. அம்மா வரவில்லை. இப்போது அம்மா பாலகாட்டில் என்னோடு இருக்கிறாள். என்னோடு பேசுகிறாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிய பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். சரியாகிவிடும் என்று நான் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன்.

தம்பி போன மாதம்தான் மறுபடி என் பெட்டியில் ஏறினான். எதிர் சீட்டில் உட்கார்ந்தான். பங்காரப்பேட்டை தாண்டியதும் பேச ஆரம்பித்தான்.

“இன்னும் உம் மேல கோவம் கீதுக்கா,” என்றான்.

“இருக்கட்டும்.”

“நீயா சொல்லியிருக்க வேணாம். பக்கத்து வீட்டம்மாவே வந்து சொல்லியிருக்கலாம்.”

“நீ சொல்லியிருக்கலாம்,” என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பையைத் திறந்து, காலையில் அவள் கட்டிக் கொடுத்த டப்பாவை எடுத்தான். உள்ளே இட்லி இருந்தது. எனக்கும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறாள் என்று சொல்லி மூடியில் இரண்டை எடுத்து வைத்து என் பக்கம் நீட்டினான்.